முல்லைப் பெரியாறு: 136, 142, 152, புதிய அணை, புதிய சுரங்கம் - எதைத் தேர்ந்தெடுப்பது?

பருவமழைக் காலத்தில் தேனி மாவட்டத்துக் காலை நாளிதழைப் பிரித்தால் முல்லைப் பெரியாறு அணைக்கென்று நான்கு எண்கள் இருக்கும்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு. நீர்மட்டம் ஏற ஏறக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் விவசாயிகளுக்கு நெஞ்சு குளிரும். மலைக்கு அந்தப் பக்கம் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புத்தறை மக்களுக்கு அதே எண்ணைப் பார்த்துத் தூக்கம் போகும். 136 அடியைத் தொட்டதும் அவர்களுக்கு முதல் எச்சரிக்கை விடப்படுகிறது.

இந்த நிம்மதியும் அந்தப் பயமும் இரண்டுமே நியாயமானவை என்பதிலிருந்துதான் நான் தொடங்குகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சச்சரவு மூன்று எண்களைச் சுற்றியே நடக்கிறது: 136, 142, 152. அவற்றோடு கேரளம் கேட்கும் புதிய அணை ஒன்று. யாரும் அதிகம் பேசாத ஐந்தாவது வழியும் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரமளிக்கப்பட்ட குழு தன் அறிக்கையிலேயே சொன்ன வழி அது. இந்த ஐந்தையும் எடைபோட்டுப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: அணையில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்ற கேள்வியைவிட, தேவைப்பட்டால் அதை எவ்வளவு விரைவாக இறக்க முடியும் என்ற கேள்வி பெரியது. அந்தக் கேள்விக்கு முதல் நான்கு வழிகளில் மூன்று பதிலே சொல்வதில்லை.

அணையும் அதன் அளவுகளும்

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1970-இல் செய்த துணை ஒப்பந்தத்தில் அது 30 ரூபாயானது. பென்னிகுவிக் 1887-இல் தொடங்கிய கட்டுமானம் 1895-இல் முடிந்தது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய வேலை அது. அணை நிற்பது கேரளத்தில். இயக்குவதும் பராமரிப்பதும் தமிழகம். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்.

அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரம், 1,200 அடி நீளம். முன்னும் பின்னும் கருங்கல் கட்டு, நடுவே சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்ந்த சுர்க்கிக் கலவை. தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் புவியீர்ப்பு அணை. பக்கத்திலேயே 240 அடி நீளத்தில் பேபி அணை, அதையொட்டி ஒரு மண் அணை. முழுக் கொள்ளளவான 152 அடியில் மொத்தம் 15.66 டி.எம்.சி. நிற்கும். ஆனால் தமிழகத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் தேக்கடிச் சுரங்கத்தின் வாய் 104 அடியில் இருப்பதால், அதற்குக் கீழே கிடக்கும் சுமார் 5 டி.எம்.சி.யைத் தொட முடியாது.

இங்கே இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுரங்கத்தின் வாய் 104 அடி. கேரளப் பக்கம் உபரிநீரை விடும் 13 ஷட்டர்களின் அடிமட்டம் 136 அடி.

1979-க்குப் பிறகு நடந்தது

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் இடுக்கி மாவட்டத்தில் முல்லைப் பெரியாறு பற்றிய அச்சம் கிளம்பியது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று மத்திய நீர் ஆணையத் தலைவர் இரு மாநில அதிகாரிகளுடன் பேசி, அணையைப் பலப்படுத்தும்வரை நீர்மட்டத்தை 136 அடியில் வைக்க முடிவானது. அதாவது 136 என்பது இடைக்கால ஏற்பாடாக வந்த எண்.

பலப்படுத்தும் வேலை அதன்பின் ஆண்டுக்கணக்கில் நடந்தது. அணையின் தலைமேல் 12,000 டன் எடையுள்ள கான்கிரீட் தொப்பி போட்டார்கள். மேலிருந்து அடிப்பாறைவரை துளையிட்டு 95 இடங்களில் எஃகுக் கம்பிவடங்களை இறக்கி, இழுத்துக் கட்டினார்கள். பின்பக்கம் முழுவதும் கான்கிரீட் அணைப்பு கொடுத்தார்கள். பழைய 10 ஷட்டர்களுடன் மேலும் 3 சேர்த்து, உபரிநீர் விடும் திறனை விநாடிக்கு 1,22,000 கனஅடியாக உயர்த்தினார்கள். ஆகவே இன்று நிற்பது 1895-இல் கட்டிய அதே அணைதான் என்று சொல்வது பாதி உண்மை. சுர்க்கி அப்படியே உள்ளே இருக்கிறது. அதைத் தாங்குவதற்கு வெளியே வேறொரு கட்டமைப்பு வந்துவிட்டது.

2006 பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்றது. கேரளம் உடனே சட்டத் திருத்தம் செய்து 136-ஐ உறுதியாக்கியது. 2014 மே 7-இல் அரசமைப்பு அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கி, 142-ஐ மீண்டும் அனுமதித்து, மேற்பார்வைக் குழுவையும் அமைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அணை 142-ஐத் தொட்டது.

ஆறு அடி என்பது எவ்வளவு?

தேங்கிய தண்ணீர் அணையைத் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அணையைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை அதன் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆற்றுப்படுகையைப் பூஜ்யமாக வைத்து எளிமையாகக் கணக்கிட்டால், 136-இலிருந்து 142-க்குப் போகும்போது தள்ளுவிசை சுமார் 9 சதவீதமும் திருப்புவிசை சுமார் 14 சதவீதமும் கூடும். 142-இலிருந்து 152-க்குப் போனால் தள்ளுவிசை மேலும் 15 சதவீதம், திருப்புவிசை மேலும் 23 சதவீதம். வடிவமைப்புப் பொறியாளர் இதோடு அடியிலிருந்து மேலே தூக்கும் அழுத்தத்தையும் நில அதிர்வையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருவார். ஆனாலும் இந்த விகிதங்கள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. 136-க்கும் 142-க்கும் இடையே உயிரா மரணமா என்ற அளவுக்குப் பெரிய பள்ளம் கிடையாது. 136-இல் பத்திரமாக நிற்கும் அணை 142-இல் திடீரென்று சாயும் என்று நினைப்பதும், 142-இல் நிற்பதால் 152-இலும் அப்படியே நிற்கும் என்று அடித்துச் சொல்வதும் ஒரே மாதிரியான அவசரங்கள்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. அதை மேடைகளில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

அணையின் உள்ளே ஏதோ ஒரு கோளாறு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கக் கான்கிரீட்டுக்குள் 10 அடி, 45 அடி மட்டங்களில் நடைகூடம் போன்ற கேலரிகள் இருக்கின்றன. அணையின் உடம்புக்குள் ஊடுருவும் நீர் அங்கே வந்து சேரும். வெளியேறும் இடத்தில் வைத்த தடுப்பின் வெட்டு வழியாக நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விழுகிறது என்று அளந்து பதிவு செய்கிறார்கள். எந்தக் கல் அணையிலும் கசிவு உண்டு. நீர்மட்டம் ஏறும்போது கசிவும் ஏற வேண்டும், இறங்கும்போது இறங்க வேண்டும். அப்படி இருந்தால் கவலையில்லை. மட்டம் அசையாமல் இருக்கும்போது கசிவு மட்டும் கூடினாலோ, கலங்கலாக வந்தாலோ, ஆபத்து. அந்த நிமிடத்தில் செய்ய வேண்டிய ஒரே வேலை நீர்மட்டத்தைக் குறைப்பது.

எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம்? 142-இலிருந்து 136-க்கு ஷட்டர்களைத் திறந்து இறக்கிவிடலாம். 136-க்குக் கீழே ஷட்டர் வழியாக ஒரு சொட்டும் போகாது. மீதி முழுவதும் தேக்கடிச் சுரங்கம் வழியாக, நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கும், மிஞ்சியது இரைச்சல்பாலத்துக்கும்தான் போயாக வேண்டும். அதன் திறன் விநாடிக்கு 2,000 கனஅடி அளவு. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. 2,000 வீதம் விட்டால் அதை வெளியேற்ற ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். 136 அடியில் எடுக்கக்கூடிய இருப்பு சுமார் 6.1 டி.எம்.சி. ஆகவே 136-இலிருந்து 104-க்கு இறங்க முப்பத்தைந்து நாள், அதுவும் ஒரு சொட்டு வரத்தும் இல்லாமல் இருந்தால். மழைக்காலத்தில் வரத்து 2,000 கனஅடியைத் தாண்டினாலே மட்டம் இறங்காது.

104-க்கு இறங்கிய பிறகும் அணைமேல் 142 அடியில் இருந்த தள்ளுவிசையில் பாதிக்குச் சற்று மேலேயே எஞ்சியிருக்கும். அதற்குக் கீழே இறக்க வழியே கிடையாது.

136 அடிக்குத் திரும்புவது

கேரள மக்களின் மனதுக்கு மிக நெருக்கமான வழி இது. இதற்கு ஒரு மெய்யான பலமும் உண்டு. ஷட்டர்களின் அடிமட்டமே 136 என்பதால், எல்லாவற்றையும் தூக்கியபடியே வைத்துவிட்டால் அதற்குமேல் வரும் நீர் தானாக வழிந்துவிடும். எந்த நேரத்தில் எத்தனை ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்று மனிதர் முடிவெடுக்க வேண்டியதில்லை. தவறு நேரும் இடம் ஒன்று குறைகிறது. பெருவெள்ளம் வந்தால் உள்வாங்கிக்கொள்ள 16 அடி வெற்றிடமும் கிடைக்கும்.

இழப்பு எவ்வளவு? 142 அடியில் எடுக்கக்கூடிய இருப்பு 7.66 டி.எம்.சி. வித்தியாசம் ஒன்றரை டி.எம்.சி.க்குச் சற்று அதிகம். விநாடிக்கு 1,000 கனஅடி வீதம் பதினெட்டு நாள் பாசன நீர். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். இரண்டாம் போக நெல் பால் பிடிக்கும் பருவத்தில் அந்தப் பதினெட்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால், வயலில் நிற்பது பதர்தான். மதுரை ஒருபோகப் பகுதிக்கும் மேலூர்க் கடைமடைக்கும் முதலில் கைவிரிக்கப்படுவதும் இப்படிப்பட்ட ஆண்டுகளில்தான்.

இதைத் தாங்கிக்கொள்ளலாம், மறுபக்கத்து மக்களுக்கு நிஜமான பாதுகாப்புக் கிடைக்குமானால். மேலே போட்ட கணக்கு அங்கேதான் இடிக்கிறது. உள்ளே கோளாறு என்று தெரியவந்தால் 136 அடியில் நிற்கும் அணையையும் முப்பத்தைந்து நாளுக்குள் இறக்க முடியாது. 136 என்பது சற்றே குறைந்த ஆபத்தோடு நிரந்தரமாக வாழும் ஏற்பாடு. அதைப் பாதுகாப்பு என்று அழைத்து அந்த மக்களை நம்பச் சொல்வது சரியல்ல.

142 அடி, ரூல் கர்வ் முறையோடு

இன்று நடைமுறையில் இருப்பது இது. 142 என்பது உச்சவரம்பு. எந்தத் தேதியில் எவ்வளவு தேக்கலாம் என்பதை ரூல் கர்வ் அட்டவணை சொல்கிறது. உதாரணமாக அக்டோபர் 31-இல் 138 அடி, நவம்பர் 10-இல் 139.5, நவம்பர் 20-இல் 141, நவம்பர் 30-இல் 142. மழை மிச்சமிருக்கும்போது இடம் விட்டு வைத்து, மழை குறையக் குறைய நிரப்பிக்கொள்வது இதன் நோக்கம். அணைகளை இயக்கும் முறைகளில் இது நன்கு பழகிய, அறிவார்ந்த முறை.

இந்த முறை ஏன் வந்தது என்பதை 2018 ஆகஸ்ட் சொல்லும். அப்போது முல்லைப் பெரியாறு 142-ஐத் தொட்டுவிட்டது. கீழே இடுக்கி நீர்த்தேக்கமும் நிரம்பி, அதன் உபரிநீரை விடும் செறுதோணி அணையின் ஐந்து ஷட்டர்களும் திறந்திருந்தன. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஆகஸ்ட் 31 வரை 139.99 அடிக்கு மேல் போகக் கூடாது என்றது. தமிழகத்தில் அடிக்கடி ஒரு வாதம் கேட்கிறது: முல்லைப் பெரியாறே உடைந்தாலும் 70 டி.எம்.சி. கொள்ளும் இடுக்கி தாங்கிக்கொள்ளும் என்பது. முதலில், இடுக்கிக்குப் போய்ச் சேரும் முன்பு வண்டிப்பெரியாறும் உப்புத்தறையும் ஐயப்பன்கோவிலும் வழியில் இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர்கள் மனிதர்கள். இரண்டாவது, மேலே அணைக்கு ஆபத்து வரும் அளவுக்கு மழை பெய்யும் நாளில் கீழே இடுக்கியும் நிரம்பித்தான் இருக்கும். 1961 ஜூலை 12-இல் புனே அருகே பான்ஷெட் மண் அணை உடைந்து, கீழே இருந்த கடக்வாஸ்லா கல் அணையையும் அதே நாளில் கொண்டுபோனது. இந்த வாதத்தை நாம் கைவிடுவதே மரியாதை.

142-இன் இன்னொரு பலவீனம் 2021 நவம்பர் இறுதியில் வெளிப்பட்டது. அட்டவணைப்படி உச்சவரம்பை எட்டியபின் மழை ஓயவில்லை. இடம் எதுவும் மிச்சமில்லாததால் வந்த நீரை வந்தபடியே வெளியேற்ற வேண்டியதாயிற்று. இரவில் ஷட்டர்கள் திறக்கப்பட்டு, வல்லக்கடவு, வண்டிப்பெரியாற்றின் தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கேரளம் மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நள்ளிரவில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவரிடம், அணை உறுதியாகத்தான் இருக்கிறது என்று சான்றிதழைக் காட்டினால் அவர் நம்பமாட்டார். நம்ப வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

நவம்பர் 30-இல் 142 அடி தேக்கும் உரிமை இருப்பதால் அன்றைக்கே 142-ஐத் தொட்டாக வேண்டும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. வானிலை முன்னறிவிப்பில் மழை இருந்தால் 141-இல் நிறுத்தி, பகல் நேரத்தில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, சிறிது சிறிதாக விடலாம். ஓர் அடி நீரை மழை ஓய்ந்த பிறகு பிடித்துக்கொள்வதும் அந்த மலையில் பெரும்பாலும் முடியும். சில ஆண்டுகளில் முடியாமல் போகலாம். அந்த அளவு விலையை நாம் கொடுக்கத்தான் வேண்டும்.

152 அடி

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். சட்டப்படி இந்தக் கதவு மூடப்படவில்லை. மீதமுள்ள பலப்படுத்தும் பணி முடிந்தபின் பார்க்கலாம் என்ற நிலையில் இருக்கிறது. கிடைக்கக்கூடியது கூடுதலாக 3 டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவான நீர். 1943 ஜனவரியில் 154.8 அடிவரை நீர் ஏறியும் அணை நின்றது என்று தமிழகத் தரப்பு நினைவூட்டுவது உண்மை. ஆனால் எண்பது ஆண்டுக்கு முந்தைய உறுதியைக் காட்டி இன்றைய உறுதிக்குச் சான்று கேட்க முடியாது.

வெள்ளக் கணக்கும் இதற்கு எதிராக நிற்கிறது. இந்த அணைக்கு வரக்கூடிய அதிகபட்ச வெள்ளத்தின் உச்சத்தை மத்திய நீர் ஆணையம் விநாடிக்கு 2.12 லட்சம் கனஅடி என்று கணித்திருக்கிறது. ஷட்டர்களின் முழுத் திறன் 1.22 லட்சம். அந்த உச்சம் நீடிக்கும் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு டி.எம்.சி. வீதம் நீர் அணைக்குள் குவியும். 142-க்கும் 152-க்கும் இடையே உள்ள 3 டி.எம்.சி. வெற்றிடம்தான் அப்போது நமக்குக் கிடைக்கும் அவகாசம். 152-இல் நிரப்பி வைத்துவிட்டால் அந்த அவகாசம் போய்விடும். குறைந்தபட்சம் முழுமையான பாதுகாப்பு மதிப்பீடு முடியும்வரை இதைக் கேட்காமல் இருப்பது நல்லது. கேட்பதால் மட்டும் வண்டிப்பெரியாற்றில் எழும் கோபம், 142-ஐயே ஆட்டிவிடும்.

புதிய அணை

தற்போதைய அணைக்குக் கீழே 366 மீட்டர் தொலைவில் புதிதாகக் கட்டலாம் என்கிறது கேரளம். இந்தக் கோரிக்கையைத் தமிழகத்தில் வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்குகிறார்கள். அது சரியில்லை. இன்றைய தொழில்நுட்பத்தில் கட்டும் அணையில் அடிமட்ட மதகு இருக்கும், உள்ளழுத்தத்தை அளக்கும் கருவிகள் முதல் நாளிலிருந்தே பதிந்திருக்கும், நில அதிர்வுக்கான வடிவமைப்பு இருக்கும். நான் மேலே சொன்ன இறக்கும் வேகம் என்ற கேள்விக்கு உண்மையான பதில் தரும் வழி, முதல் நான்கில் இது ஒன்றுதான்.

இருந்தும் இதை நான் ஏற்காததற்குக் காரணங்கள் இருக்கின்றன. புதிய அணை எழும் ஆண்டுகள் முழுவதும் பழைய அணை அதன் தலைமாட்டிலேயே தண்ணீரைத் தாங்கி நிற்க வேண்டும். பழைய அணை நாளையே உடையும் என்பவர்கள் இதை எப்படி ஏற்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. கட்டி முடித்தபின் பழையதை இடிக்கத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். 104-க்குக் கீழே இறக்கும் வழி அப்போதும் தேவைப்படும். இடம் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். சாலை, கல் உடைப்பு, கலவை ஆலை, ஆயிரக்கணக்கான தொழிலாளர் என்று அந்தக் காடு ஆண்டுக்கணக்கில் கலைக்கப்படும்.

பெரிய தடை ஒப்பந்தம். தமிழகத்தின் தண்ணீர் உரிமை 1886 குத்தகையில் தொங்குகிறது. அந்தக் குத்தகை இந்த அணையோடு பிணைந்தது. புதிய அணையை யார் இயக்குவார், எத்தனை டி.எம்.சி. எந்த மாதத்தில் வரும் என்பதைச் சட்ட பலத்தோடு எழுதிக் கொடுக்காமல் பழையதை விட்டுக்கொடுக்கச் சொல்வதை ஐந்து மாவட்டங்கள் ஒப்பாது. தண்ணீர் தருவோம் என்ற வாக்குறுதி மட்டும் போதாது என்பதைக் காவிரியில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாம். 2014 தீர்ப்பும், புதிய அணையைத் தமிழகத்தின் மீது திணிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

50 அடியில் ஒரு சுரங்கம்

நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான அதிகாரமளிக்கப்பட்ட குழு 2012 ஏப்ரலில் அறிக்கை தந்தது. அணை உறுதியாக இருக்கிறது என்ற பகுதியைத் தமிழகம் கொண்டாடியது, கேரளம் நிராகரித்தது. அந்த அறிக்கையில் இணக்கத்துக்கான மாற்று வழியாக, 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் அமைத்து நீரை வெளியேற்றும் யோசனையும் இருந்தது. அதற்கு உரிய கவனம் இன்றுவரை கிடைக்கவில்லை.

அதன் பொருளைப் பார்ப்போம். நீர்மட்டத்தை 50 அடிவரை இறக்க முடிந்தால் அணைமேல் உள்ள தள்ளுவிசை, 142 அடியில் இருப்பதில் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த நிலையில் அணையின் முன்முகத்தின் பெரும்பகுதி வெளியே தெரியும். நேரில் ஆய்வு செய்யலாம், பழுது பார்க்கலாம். இரண்டு சுரங்கங்கள் சேர்ந்து ஓடும்போது இறக்கும் நாட்களும் குறையும். புதியது 6,000 கனஅடி திறனில் அமைந்தால், பழையதோடு சேர்த்து, 136-இலிருந்து 104-க்கு இறங்கும் முப்பத்தைந்து நாள் ஒன்பது நாளாகிவிடும். இந்தத் திறன் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டது. சரியான அளவைப் பாறையும் செலவும் தீர்மானிக்கும்.

தமிழகத்துக்கு இதில் நேரடி லாபமும் உண்டு. கொடும் வறட்சி ஆண்டில் 104-க்குக் கீழே கிடக்கும் நீரிலிருந்து குடிநீருக்காவது கொஞ்சம் எடுக்கலாம். கேரளத்துக்குத் தன் மக்களின் தலைக்குமேல் நிற்கும் நீரை அவசரத்தில் கிழக்குப் பக்கம் திருப்பிவிடும் வழி கிடைக்கும். குத்தகை ஒப்பந்தத்தைத் தொட வேண்டியதில்லை. பழைய அணை பயனில் இருக்கும்போதே வேலை நடக்கலாம்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. புலிகள் காப்பகத்தின் அடியில் குடைவதற்கு வனத்துறை, வனவிலங்கு வாரிய அனுமதிகள் வேண்டும். மட்டம் தாழ்வதால் சுரங்கம் ஏரியின் ஆழமான பகுதியிலிருந்து தொடங்கி, இப்போதையதைவிட நீளமாகப் போக வேண்டியிருக்கும். தண்ணீருக்குள் பாறையை உடைத்து வாயைத் திறக்கும் கடைசிக் கட்டம் அனுபவசாலிகள் செய்ய வேண்டிய வேலை. நூற்றாண்டு கடந்த அணைக்கு அருகில் வெடி அதிர்வை எந்த அளவுக்குள் வைப்பது என்பதை முதலிலேயே வரையறுத்தாக வேண்டும். இந்தப் பக்கம் முல்லைப் பெரியாற்றின் கரைகள் அவ்வளவு நீரைத் தாங்குமா, மழைக்காலத்தில் 71 அடி வைகை அணையில் அதற்கு இடம் இருக்குமா என்ற கேள்விகளும் உண்டு. ஒருவேளை கம்பம் பள்ளத்தாக்கின் சில தாழ்ந்த வயல்களை வெள்ளத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய நாள் வரலாம். நம் பாசனத்துக்காக மறுபக்கத்து மக்கள் சுமக்கும் ஆபத்தில் ஒரு பங்கை நாம் சுமப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

கேரளத்துக்கும் ஓர் ஐயம் எழும்: கிடைத்த வழியைப் பயன்படுத்தி ஆண்டுதோறும் 50 அடிவரை உறிஞ்சிவிட்டால் தேக்கடி ஏரி என்ன ஆகும்? யானையும் காட்டெருமையும் கோடையில் நம்பியிருப்பது அந்த நீரைத்தான்; படகுச் சவாரியை நம்பிய குமுளிக் குடும்பங்களும் உண்டு. அந்தப் பயத்தைப் போக்க, புதிய சுரங்கத்தின் மதகைத் தமிழகம் தனியாகத் திறக்கக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக எழுதிவிடலாம். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-இன்படி அமைந்த தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதலோடு, அவசரத்துக்கும் ஆய்வுக்கும் கடும் வறட்சிக் குடிநீருக்கும் மட்டும் திறக்கலாம்.

எந்த வழியிலும் செய்தாக வேண்டியவை

சுரங்கம் வர ஆண்டுகள் ஆகும். அதுவரை 142-ஐ ரூல் கர்வ் முறையோடு இயக்குவதுதான் இருப்பதில் சரியான வழி. ஆனால் அதைச் சுற்றியுள்ள சின்ன வேலைகள் கிடப்பில் கிடக்கும்போது எந்த எண்ணும் பாதுகாப்புத் தராது.

2000-ஆம் ஆண்டில் அணைக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மீண்டும் இணைப்புக் கிடைத்தது 2021 ஜனவரியில். இடைப்பட்ட இருபது ஆண்டுகள் ஷட்டரும் விளக்கும் ஜெனரேட்டரில் ஓடின. உலகின் எந்தப் பொறியாளரிடம் சொன்னாலும் தலையில் கைவைப்பார். இரு தரப்பும் நீதிமன்றத்தில் நில அதிர்வு ஆய்வுகளை அடுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் இவை.

பேபி அணையைப் பலப்படுத்தும் வேலைக்கு அங்கே வளர்ந்திருக்கும் சில மரங்களை வெட்ட வேண்டும். 2021 நவம்பரில் 15 மரங்களுக்குக் கேரள வனத்துறை அனுமதி தந்தது. கேரளத்தில் எழுந்த அரசியல் எதிர்ப்பில் சில நாட்களிலேயே அந்த அனுமதி ரத்தானது. அணை பலவீனமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பலப்படுத்துவதைத் தடுப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை. வண்டிப்பெரியாற்று மக்களுக்கு இதனால் ஒரு பயனும் கிடைக்கவில்லை. தளவாடங்களைக் கொண்டுபோக வேண்டிய வல்லக்கடவு வனச்சாலைக்கும் இதே கதை.

தமிழகத்தின் பக்கம் உள்ள குறை வேறு வகை. கசிவுநீர் அளவு, கருவிகளின் பதிவுகள், ஷட்டர் திறக்கும் திட்டம் ஆகியவற்றை நாம் மலையாளத்தில், அந்த ஊர்க்காரர் புரிந்துகொள்ளும்படி, அன்றாடம் வெளியிடுவதில்லை. அணை உறுதியானது என்று நம்புகிறவர்களுக்கு அதன் பதிவுகளை வெளியே வைப்பதில் தயக்கம் இருக்கக் கூடாது. கசிவு எண்ணை நாளிதழின் அந்த நான்கு எண்களோடு ஐந்தாவதாகச் சேர்த்து இரு மொழியிலும் போடலாம், செலவில்லாத காரியம். ஒவ்வொரு கரையோரக் குடியிருப்பிலும் சைரன், நள்ளிரவுத் திறப்புக்குத் தடை, ஆண்டுக்கொருமுறை இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து நடத்தும் வெளியேற்ற ஒத்திகை ஆகியவற்றுக்குத் தமிழகமே பணம் கொடுக்க முன்வர வேண்டும்.

முழுமையான பாதுகாப்பு மதிப்பீட்டைப் பன்னிரண்டு மாதத்தில் முடிப்பது என்று 2024 செப்டம்பரில் மேற்பார்வைக் குழு முடிவெடுத்தது. இதற்குமுன் இந்த அணையைச் சுயேச்சையான வல்லுநர்கள் முழுமையாக ஆராய்ந்தது 2010-12 காலத்தில். மதிப்பீட்டு வரம்புக்குள் 50 அடிச் சுரங்கத்தின் சாத்தியக்கூறையும் சேர்க்கும்படி இரு மாநிலங்களும் ஒன்றாக எழுதிக் கேட்கலாம். இந்தச் சச்சரவில் இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் முதல் கடிதமாக அது இருந்தாலும் இருக்கும். கோடையிலேயே பேபி அணை மரங்களுக்கும் வல்லக்கடவுச் சாலைக்கும் கேரளம் அனுமதி தரட்டும். அதே கோடையில் சைரன்களையும் மலையாள அறிவிப்புகளையும் தமிழகம் முடித்துக் கொடுக்கட்டும். 152 பற்றிய பேச்சும் புதிய அணை பற்றிய பேச்சும் மதிப்பீட்டு அறிக்கை மேசைக்கு வரும்வரை காத்திருக்கலாம். ஜூன் மழை காத்திருக்காது.